யார் இந்த தாராசிங்?

 

நம்ம ஊரில் யாராவது கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்தி நடந்தால் போதும், "இவரு பெரிய தாராசிங்கு" என்று பெரியவர்கள் கேலி பண்ணுவார்கள். தாராசிங் கதையில் வருகிற ஆள் இல்லை. நிஜமான பயில்வான்.

1928 நவம்பர் 19-ல் பஞ்சாபில் அமிர்தசரஸ் பக்கம் தர்முசக் கிராமத்தில் பிறந்தார். 1947-ல் பிழைப்புக்காக சிங்கப்பூர் போய் ஒரு ஆலையில் வேலை பார்த்தார். சிலம்பம் படிக்க வாத்தியார் வேணும்ல, அதே மாதிரி அங்கே 'கிரேட் வேர்ல்டு' அரங்கில் ஹர்னாம் சிங் என்பவர் இவருக்குக் குஸ்தி சொல்லிக் கொடுத்தார். 1954-ல் 'ருஸ்தம்-ஏ-ஹிந்த்' பட்டம். 1959-ல் கல்கத்தாவில் கனடாக்காரர் கார்டியென்கோவை ஜெயித்து காமன்வெல்த் பட்டம். 1968-ல் பம்பாயில் அமெரிக்காவின் லூ தெஸ்ஸையும் ஜெயித்தார்.

ஆனால் எல்லாரும் நினைவு வைத்திருப்பது கிங்காங்குடன் போட்ட சண்டையைத்தான். கிங்காங் ஹங்கேரி வம்சத்துக்காரர், எடை சுமார் 200 கிலோ! அவரையே தாராசிங் தலைக்கு மேல் தூக்கிவிட்டார் என்று சொல்வார்கள்.

நம்ம பழைய குஸ்தி கோதாவில், அதாவது கொத்திப் பதமாக்கிய மண்ணில் நடக்கும். இது கயிறு கட்டிய மேடையில் நடப்பது. போட்டி நடத்துபவர் இடம் பிடிக்கணும், நோட்டீஸ் ஒட்டணும், டிக்கெட் விக்கணும். நல்லவன் ஒருத்தன், கெட்டவன் ஒருத்தன் இருந்தால்தான் கூட்டம் வரும். டிவியில் காட்டும் மல்யுத்தத்தில் யார் ஜெயிப்பது என்று முன்னாடியே பேசி வைத்துவிடுவார்கள். அப்போ எல்லாம் பொய்யா என்று நம்ம வகுப்பில் தினமும் சண்டை. முடிவுதான் பேசி வைத்தது, விழுவது நிஜம். அதனால் புதுசாக வருகிறவனுக்கு முதலில் விழத்தான் சொல்லிக் கொடுப்பார்கள். தாடையை நெஞ்சோடு ஒட்டணும், பின்னந்தலை தரையில் படக்கூடாது, முதுகு முழுசும் ஒரே நேரத்தில் படணும். மேடையும் பலகை மேல் மெத்தை போட்டு, அதன் மேல் துணி விரித்தது. நம்ம வராண்டா சிமெண்ட். கோடையில் வெடித்துக் கிடக்கும் கரிசலும் கல்லு மாதிரிதான். மத்தியானம் அங்கே ஒருத்தனை ஒருத்தன் தூக்கிப் போடும் அண்ணன்மார், தம்பிமார் இதை ரெண்டு தடவை படிக்கவும்.

இதெல்லாம் ஆம்பளப் பிள்ளைகளுக்குத்தான் என்று சிரிப்பவர்களுக்கு இன்னொரு செய்தி. அதே 1954-ல் பரோடாவில் ஹமீதா பானு என்ற பெண் பயில்வான், பாபா பயில்வானை 1 நிமிடம் 34 விநாடியில் தோற்கடித்தார். அவரைப் பற்றித் தனியாகவே எழுதலாம்.

தாராசிங் தன் தம்பி ரந்தாவாவோடு சினிமாவிலும் நடித்தார். 1987-ல் தொடங்கிய 'ராமாயண்' டிவி தொடரில் அனுமார் அவர்தான். 2003-ல் ராஜ்யசபா எம்.பி. ஆனார். 2012 ஜூலை 12-ல் மும்பையில் காலமானார்.