தறிச் சத்தமும் பாட்டில் ஏறும்!

திருத்தணிக்கு மேற்கே இருக்கிறது ஆர்.கே.பேட்டை. நெசவாளர் ஊர். பொழுது விடிந்தால் விசைத்தறியின் 'கடகட' ஓசைதான். தணிகை முருகன் மீது பாடும் குரல்களுக்கும் இப்பக்கத்தில் பஞ்சமில்லை.

பாட்டைப் பதிய ஒரு காலத்தில் சென்னைக்கு ரயிலேற வேண்டியிருந்தது. இன்று மடிக்கணினியும் ஒரு மைக்கும் இருந்தால் வீடே ஸ்டுடியோ! அடுத்தபடி எழும் ஆசை, உயர்ந்த ரக மைக். 1928-ல் பெர்லினில் தோன்றிய நாய்மன் கம்பெனியின் 'யு 87' மைக் 1967-ல் வந்தது. பெரிய பதிவுக்கூடங்களில் அதற்கு இன்றும் தனி மரியாதை. விலையோ லட்சங்களில்!

தறியில் சேர்த்த காசைக் கொட்டி அதை வாங்கிவந்தால் என்ன ஆகும்? அடுத்த வீட்டுத் தறியும் பாட்டில் ஏறிவிடும்! இத்தகைய 'கண்டென்சர்' மைக்கின் உள்ளே இருப்பது மிக மெல்லிய சவ்வு. பாடுகிறவரின் சிறு மூச்சையும் அது விடாது; மின்விசிறியையும் விடாது. வெறுஞ்சுவரில் மோதித் திரும்பும் எதிரொலியையும் சேர்த்தே வாங்கிக்கொள்ளும்.

முதல் செலவு அறைக்கு

பாடுகிறவரின் பின்னாலும் பக்கங்களிலும் கனத்த பவானி ஜமுக்காளத்தைத் தொங்கவிட்டால் எதிரொலி அடங்கும். ஆனால் தறியோசையை ஜமுக்காளம் தடுக்காது. அதற்குக் கனத்த சுவரும், இடுக்கின்றிச் சாத்தும் கதவும் வேண்டும். இல்லையேல் நேரம் பார்க்க வேண்டியதுதான். மின்சாரம் போனால் தறிகள் ஓயும். மடிக்கணினியோ பாட்டரியில் ஓடும்; அதோடு இணைத்த சிறு பெட்டி, மைக்குக்கு வேண்டிய 48 வோல்ட்டையும் தந்துவிடும். மின்வெட்டைச் சபிக்காத ஆசாமி ஊரில் இவர் ஒருவராகத்தான் இருப்பார்!

இன்னொரு வழியும் உண்டு. 'டைனமிக்' ரக மைக்கை வாயருகே வைத்துப் பாடலாம். தூரம் பாதியானால் குரல் சுமார் 6 டெசிபல் உயரும், தறியோசை உயராது. மைக்கேல் ஜாக்சன் 1982-ல் 'த்ரில்லர்' தொகுப்புக்குப் பாடியது ஷூர் கம்பெனியின் 'எஸ்.எம்.7' என்ற டைனமிக் மைக்கில்தான். நாய்மன் விலையில் அது ஒரு சிறு பங்கே.

இவ்வளவும் செய்த பிறகும் குரலில் ஏதோ குறைகிறதென்றால் பெரிய மைக்கை நினைக்கலாம். அப்போதும் ஒருநாள் வாடகைக்கு எடுத்து, சொந்தக் குரலில், சொந்த அறையில் ஒரு பாட்டுப் பாடிக் கேட்டுவிட்டுப் பணத்தை எண்ணுவது நல்லது.