அலை எட்டாத உயரத்தில்: கூடங்குளத்தின் டீசல் ஜெனரேட்டர்கள்

மதுரையில் கரண்ட் போனால் கடைவாசல் ஜெனரேட்டர் உறுமத் தொடங்கும். தெற்கே, கூடங்குளம் அணுமின் நிலையத்திலும் ஜெனரேட்டர்கள் காத்திருக்கின்றன. அவை காப்பது உலையை.

அணு உலையை நிறுத்தினாலும் எரிபொருளின் சூடு உடனே அடங்காது. நிறுத்திய நொடியில் முழு வெப்பத்தின் 6 முதல் 7 விழுக்காடு வரை எஞ்சியிருக்கும். அதைத் தணிக்கும் நீரை ஓட்டும் பம்புகளுக்கு மின்சாரம் வேண்டும். வெளி மின்தடம் அறுந்தால், டீசல் ஜெனரேட்டரே துணை.

2011 மார்ச் 11 அன்று ஜப்பானின் புகுஷிமா டாய்ச்சியில் நிலநடுக்கம் வெளி மின்சாரத்தைத் துண்டித்தது. ஜெனரேட்டர்கள் ஓடத் தொடங்கின. ஏறக்குறைய 50 நிமிடத்தில் ஆழிப்பேரலை வந்து, தாழ்வான தளங்களில் இருந்தவற்றை மூழ்கடித்தது. மூன்று உலைகளில் எரிபொருள் உருகியது. மேட்டில் இருந்த, காற்றால் குளிரும் ஒரே ஒரு ஜெனரேட்டர் தொடர்ந்து ஓடியது. 5, 6ஆம் உலைகள் அதனால் பிழைத்தன.

தமிழகக் கடலோரமும் ஆழிப்பேரலையை அறியும். 2004 டிசம்பர் 26 அன்று கல்பாக்கம் அணுமின் நிலையத்தின் பம்பு நிலையத்துக்குள் கடல்நீர் புகுந்தது. ஓடிக்கொண்டிருந்த 2ஆம் உலை பாதுகாப்பாக நிறுத்தப்பட்டது.

கூடங்குளத்தின் முதல் இரு உலைகளுக்கு வடிவமைப்பாளர்கள் கணித்த உச்ச அலைமட்டம் 5.44 மீட்டர். ஜெனரேட்டர்கள் நிற்பது கடல்மட்டத்திலிருந்து 9.3 மீட்டரில். ஓர் உலைக்கு நான்கு; அவற்றில் ஒன்று ஓடினாலே போதும்.

நான்கும் நின்றுபோகும் நிலையையும் எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். அப்போது மின்சாரமே இல்லாமல், வெளிக்காற்றின் இயல்பான ஓட்டத்தால் வெப்பத்தை வெளியேற்றும் தனி அமைப்பு அங்கே உண்டு.