பணியாளரின் தனித்தகவல் காப்பு: மந்தணத்திலிருந்து தனியுரிமை நோக்கி

ஆய்வுச் சுருக்கம்

பணியில் சேரும் ஒருவர் தம் உடல்நிலை, குடும்பம், சாதி, வங்கிக் கணக்கு, முகவரி முதலிய விவரங்களை நிறுவனத்திடம் ஒப்படைக்கிறார். அவற்றைத் தர மறுக்கும் நிலையில் அவர் பெரும்பாலும் இருப்பதில்லை. இவ்விவரங்களின் காப்பு குறித்து இந்தியாவில் எழுந்த முதன்மையான தீர்ப்புகளையும் சட்டங்களையும் இக்கட்டுரை எடுத்துரைக்கிறது. அலுவலக மரபில் நிலவும் 'மந்தணம்' என்னும் கருத்து அலுவலகத்தைக் காப்பது. 'தனியுரிமை' என்னும் கருத்து மனிதரைக் காப்பது. இவ்விரண்டின் வேறுபாட்டை அளவுகோலாகக் கொண்டு இன்றைய சட்டநிலை மதிப்பிடப்படுகிறது.

திறவுச்சொற்கள்: தனியுரிமை, மந்தணம், பணியாளர் விவரங்கள், பணிப்பதிவேடு, தரவுப் பாதுகாப்புச் சட்டம், தகவல் உரிமை.

முன்னுரை

தகவல் காப்பு என்றவுடன் கணினியில் ஊடுருவும் வெளியார் திருட்டே பலருக்கும் நினைவுக்கு வருகிறது. பணியிடத்தில் நேரும் தீங்கு அவ்வகையைச் சேர்ந்ததாகவே இருக்க வேண்டியதில்லை. மருத்துவ விடுப்புக்காகத் தரப்பட்ட சான்றிதழிலுள்ள நோயின் பெயர் அடுத்த மேசைக்குத் தெரியவருகிறது. இடஒதுக்கீட்டுக்காக அளிக்கப்பட்ட சாதிச் சான்றிதழ் சக ஊழியர்களின் பேச்சுப்பொருளாகிறது. அவசரத் தேவைக்கெனப் பெறப்பட்ட கைப்பேசி எண் பலர் கைக்கும் போகிறது. இங்கே எதுவும் திருடப்படவில்லை. ஒரு நோக்கத்திற்காகத் தரப்பட்ட விவரம் அலுவலகத்திற்குள்ளேயே வேறோர் இடத்திற்கு நகர்ந்திருக்கிறது; அவ்வளவே. ஆனால் அந்நகர்வு ஒருவரின் பதவி உயர்வையும், மதிப்பையும், சில வேளைகளில் வேலையையுமே பறித்துவிடக்கூடும். எனவே ஒரு விவரம் யாருக்குத் தெரியும் என்பதோடு, எதற்காகத் தரப்பட்டது என்பதும் இங்கு முதன்மை பெறுகிறது.

1. மந்தணமும் தனியுரிமையும்

தமிழ்நாட்டு அரசு அலுவலகங்களின் ஆட்சிமொழியில் 'மந்தணம்' என்பது நன்கு வழங்கும் சொல். மந்தணக் கோப்பு, மந்தணக் கடிதம் என்பன நாள்தோறும் புழங்குபவை. வெளியார் அறியலாகாது என அலுவலகம் கருதும் செய்தியையே அச்சொல் குறிக்கிறது. அச்செய்தி பணியாளரைப் பற்றியதாக இருந்தாலும், அதனை மறைக்கும் உரிமை அலுவலகத்தினுடையது.

பணியாளரின் ஆண்டு மந்தண அறிக்கை இதற்குச் சிறந்த சான்றாகும். ஒருவரின் பணித்திறன் பற்றி மேலதிகாரி எழுதும் அவ்வறிக்கை, பாதகமான குறிப்பு இருந்தாலன்றி அவருக்கே காட்டப்படாமல் நெடுங்காலம் வைக்கப்பட்டது. அதன் அடிப்படையில் பதவி உயர்வு மறுக்கப்பட்டோர் காரணம் அறியாமலே ஓய்வு பெற்றதும் உண்டு. 2008ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம், நல்லதாயினும் அல்லதாயினும் அறிக்கையின் ஒவ்வொரு மதிப்பீடும் உரிய அரசு ஊழியருக்குத் தெரிவிக்கப்பட வேண்டும் எனத் தீர்ப்பளித்தது. தம்மைப் பற்றிய விவரம் தமக்கே மறைக்கப்படுவது நியாயமன்று என்பது அத்தீர்ப்பின் சாரம்.

தனியுரிமை இதற்கு நேர்மாறான திசையிலிருந்து தொடங்குகிறது. விவரம் யாரைப் பற்றியதோ அவரே அதன் உரியவர்; அலுவலகம் அதனைக் காத்துவைக்கும் பொறுப்பாளர் மட்டுமே. இவ்விரு கருத்துகளும் விவரத்தை மறைக்கவே சொல்வதால் ஒன்றுபோலத் தோன்றலாம். யாருடைய நலனுக்காக மறைக்கப்படுகிறது என்று கேட்டால் வேறுபாடு விளங்கும்.

2. நீதிமன்றங்கள் வகுத்த வழி

பணியாளரிடம் எதைக் கேட்கலாம் என்பதே முதற்கேள்வி. 1991ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த வழக்கொன்றில், ஆயுள் காப்பீட்டுக் கழகத்தின் பணிச்சேர்க்கைப் படிவம் விசாரணைக்கு வந்தது. மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா, எத்தனை முறை கருவுற்றார் என்பன போன்ற வினாக்கள் பெண் விண்ணப்பதாரர்களிடம் அப்படிவத்தில் கேட்கப்பட்டிருந்தன. தவறான விவரம் அளித்ததாகக் கூறித் தகுதிகாண் பருவத்திலிருந்த பெண் ஒருவர் பணிநீக்கம் செய்யப்பட்டிருந்தார். அவரை மீண்டும் பணியில் அமர்த்தும்படி ஆணையிட்ட நீதிமன்றம், அவ்வினாக்கள் இழிவுபடுத்தும் தன்மையன எனச் சுட்டி, அவற்றைப் படிவத்திலிருந்து நீக்குவதே தகும் என்றது. தனியுரிமை பற்றிய விரிவான கோட்பாடு எதுவும் அத்தீர்ப்பில் இல்லை. ஆயினும் கேட்கப்படாத விவரம் கசிவதற்கு வழியில்லை என்னும் எளிய உண்மை அதில் அடங்கியுள்ளது.

அறியவந்த விவரத்தை எவ்வாறு பயன்படுத்தலாம் என்பது இரண்டாம் கேள்வி. 1997இல் மும்பை உயர் நீதிமன்றத்தின் முன் வந்த வழக்கில், எச்.ஐ.வி. தொற்று கண்டறியப்பட்டதால் பொதுத்துறை நிறுவனமொன்றில் வேலை மறுக்கப்பட்ட தற்காலிகத் தொழிலாளி ஒருவர் முறையிட்டிருந்தார். பணிசெய்யும் உடற்தகுதி உள்ளவரைத் தொற்றைக் காரணம் காட்டி விலக்குவது அரசமைப்புக்கு முரணானது என நீதிமன்றம் கூறியது. அதனினும் குறிப்பிடத்தக்கது, அவர் தம் பெயரை வெளியிடாமல் வழக்கு நடத்த அனுமதி பெற்றதாகும். தீர்ப்பேடுகளில் அவ்வழக்கு எழுத்துக் குறிகளாலேயே அறியப்படுகிறது. நீதி கேட்பதற்காகத் தம் நோயை ஊரறியச் சொல்லவேண்டிய நிலை நேர்ந்தால், பலர் நீதியே கேட்கமாட்டார்கள் என்பதை நீதிமன்றம் உணர்ந்திருந்தது.

2017 ஆகஸ்ட் 24 அன்று, நீதியரசர் புட்டசாமி தொடுத்த வழக்கில், ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு தனியுரிமையை அடிப்படை உரிமை என ஒருமனதாக அறிவித்தது. உரிமையில் தலையிடும் அரசின் செயல் சட்டத்தின் அடிப்படையிலும், முறையான நோக்கத்திற்காகவும், நோக்கத்திற்குத் தக்க அளவிலும் அமையவேண்டும் என்பது அத்தீர்ப்பிலிருந்து பெறப்படும் அளவுகோல். 'எதற்காக, எவ்வளவு' என்னும் அவ்வினாக்கள் தனியார் நிறுவனத்தின் படிவத்திற்கும் பொருந்துவனவே.

3. குறிப்பிட்ட துறைகளுக்கான சட்டங்கள்

தனியுரிமை மீறலால் நேரும் தீங்கு பெரிதாக உள்ள இரண்டு இடங்களில் நாடாளுமன்றம் தனிச்சட்டங்கள் இயற்றியுள்ளது. பணியிடங்களில் பெண்களுக்கு எதிரான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் 16ஆம் பிரிவு, முறையிட்ட பெண், எதிர்த்தரப்பினர், சாட்சிகள் ஆகியோரின் அடையாளத்தையும் விசாரணை விவரங்களையும் பொதுமக்களுக்கோ ஊடகத்திற்கோ எவ்வகையிலும் வெளியிடுவதைத் தடைசெய்கிறது. நீதி வழங்கப்பட்டது என்னும் செய்தியை, யாரையும் அடையாளம் காட்டாமல் வெளியிடலாம்.

எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டம் 2017இல் இயற்றப்பட்டு 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் உள்ளது. வேலை பெறுவதற்கு முன்நிபந்தனையாக எச்.ஐ.வி. சோதனை கேட்பதை இச்சட்டம் தடுக்கிறது. இத்தகைய விவரங்களைப் பதிவில் வைத்திருக்கும் நிறுவனங்கள் அவற்றைக் காக்கும் ஏற்பாடுகளைச் செய்தாக வேண்டும் என 11ஆம் பிரிவு விதிக்கிறது. மும்பைத் தொழிலாளி வழக்கில் தோன்றிய நெறி இருபது ஆண்டுகள் கழித்துச் சட்டமானது.

4. 2023ஆம் ஆண்டுச் சட்டமும் பணியாளரும்

எல்லாத் துறைகளுக்கும் பொதுவான டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஆகஸ்டில் குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றது. பணியாளர் நோக்கில் அதன் நான்கு கூறுகள் கருதத்தக்கன.

முதலாவது, ஒப்புதல் பற்றியது. ஒருவரின் ஒப்புதலின்றியே தரவைக் கையாள 7ஆம் பிரிவு இடமளிக்கும் 'முறையான பயன்பாடுகளில்' வேலைவாய்ப்பு நோக்கமும் ஒன்று. இதற்கு நியாயம் உண்டு. சம்பளம் தருவதற்கு வங்கிக் கணக்கு எண் தேவை. அதற்கு ஒவ்வொரு முறையும் ஒப்புதல் பெறுவது வெறுஞ்சடங்கு. வேலையை நம்பி வாழ்பவர் தரும் ஒப்புதல் முழு விருப்பத்துடன் தரப்பட்டதாகவும் கொள்ள இயலாது. ஆனால் அவ்விலக்குடன் வேறு சிலவும் போய்விடுகின்றன. தம் தரவைப் பற்றி அறியும் உரிமையையும், திருத்தவும் நீக்கவும் கோரும் உரிமையையும் 11, 12ஆம் பிரிவுகள் ஒப்புதலின்பேரில் தரப்பட்ட தரவுகளுக்கே வழங்குகின்றன. ஆகவே வேலைவாய்ப்பு நோக்கத்தின்கீழ் கையாளப்படும் தம் கோப்பில் என்ன இருக்கிறது எனக் கேட்க இச்சட்டம் பணியாளருக்கு வழி தரவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் பொதுத் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறையில், அறியும் உரிமை ஒப்புதலைச் சார்ந்ததன்று என்பது இங்கு ஒப்புநோக்கத்தக்கது.

இரண்டாவது, எல்லை பற்றியது. டிஜிட்டல் வடிவில் பெறப்பட்ட அல்லது பின்னர் அவ்வடிவுக்கு மாற்றப்பட்ட தரவுக்கே இச்சட்டம் பொருந்தும். காகிதத்திலேயே இருக்கும் பணிப்பதிவேடும், பூட்டாத அலமாரியில் கிடக்கும் ஆதார் நகல்களும், சுவரில் ஒட்டப்படும் விடுப்புப் பட்டியலும் இதன் எல்லைக்கு வெளியே நிற்கின்றன.

மூன்றாவது, வகைப்பாடு பற்றியது. உடல்நலம், நிதிநிலை, பாலியல் நாட்டம், உயிரளவைப் பதிவு முதலியவற்றை 2011ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்ப விதிகள் நுண்ணுணர்வுத் தரவுகள் எனப் பிரித்திருந்தன. அப்பட்டியலில் சாதி இடம்பெறவில்லை. புதிய சட்டமோ அத்தகைய தனிவகையையே வகுக்கவில்லை. சாதி வெளிப்பட்டால் நடத்தும் முறையே மாறிவிடக்கூடிய ஒரு சமூகத்தில், சாதிச் சான்றிதழும் அலுவலக மின்னஞ்சல் முகவரியும் ஒரே தரத்தில் வைக்கப்படுவது பெருங்குறையாகும்.

நான்காவது, பணியாளருக்கு அரணாக அமைவது. தரவைக் காக்க ஏற்ற பாதுகாப்பு ஏற்பாடுகள் செய்யத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை தண்டத்தொகை விதிக்க இடமுண்டு. தற்செயலாக வெளிப்படுத்துவதும் மீறல் என்னும் வரையறைக்குள் வருகிறது. ஊழியர் அனைவரின் சம்பளப் பட்டியலைத் தவறுதலாக வாட்ஸ்அப் குழுவில் பகிர்வது வெறும் கவனக்குறைவாக இனிக் கருதப்படாது; பாதிக்கப்பட்டோருக்குத் தெரிவிக்கப்பட வேண்டிய மீறலாகும்.

5. தகவல் உரிமையும் தனியுரிமையும்

அரசு ஊழியரைப் பொறுத்தவரை மற்றொரு சிக்கல் உண்டு. அவர் ஊதியம் மக்கள் வரிப்பணம். அவர் செயல்கள் மக்களுக்குக் கடமைப்பட்டவை. 2012இல் உச்ச நீதிமன்றம், ஊழியருக்கு வழங்கப்பட்ட குறிப்பாணைகள், தண்டனை ஆணைகள், வருமான வரிக் கணக்கிலுள்ள விவரங்கள் ஆகியன தனித்தகவல்கள் என்றும், பரந்த பொதுநலன் மெய்ப்பிக்கப்பட்டாலன்றித் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் அவற்றைத் தரவேண்டியதில்லை என்றும் கூறியது. பொதுப்பணியோடு தொடர்பற்றது, தேவையின்றித் தனிவாழ்வில் தலையிடுவது என்னும் அளவைகள் அப்போது சட்டத்திலேயே இருந்தன. 2023ஆம் ஆண்டுச் சட்டத்தின் 44ஆம் பிரிவு அவ்வளவைகளை நீக்கி, தனித்தகவல் என்பதே மறுப்புக்குப் போதுமான காரணம் என்றாக்கியது. பொதுநலன் கருதி வெளியிட 8(2) பிரிவில் இன்னும் வழியுண்டு.

இச்சட்டத்திற்கான விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. தகவல் உரிமைச் சட்டத் திருத்தம் உடனே நடைமுறைக்கு வந்தது. தரவைக் காக்கும் முதன்மைக் கடமைகளுக்கோ 18 மாதக் காலம் தரப்பட்டது. மேலே கூறிய வேறுபாட்டின் வழி நோக்கினால், தனியுரிமையின் பெயரால் முதலில் வலுப்பெற்றது அலுவலகத்தின் மந்தணமே எனலாம்.

6. நடைமுறைக்கான நெறிகள்

சட்டம் விட்டுவைத்த இடைவெளிகளை அலுவலக நடைமுறையே நிரப்ப வேண்டியுள்ளது. அதற்குப் பெரும்பொருள் தேவையில்லை. படிவத்தின் ஒவ்வொரு வினாவுக்கும் எதிரே அதன் நோக்கத்தை எழுதிப் பார்த்து, நோக்கம் காட்ட இயலாதவற்றை நீக்கலாம். மருத்துவச் சான்றிதழைப் பணிக்கோப்பிலிருந்து பிரித்துத் தனியே வைத்து, மேலாளருக்கு விடுப்பின் நாள் எண்ணிக்கையை மட்டும் தெரிவிக்கலாம். ஆதாரின் கடைசி நான்கு இலக்கங்கள் மட்டும் தெரியும் மறைப்புப் படி போதுமான இடங்களில் முழு நகலைத் தவிர்க்கலாம். கோப்பை எடுத்தவர் பெயரும் காரணமும் பதிவு செய்யப்படலாம். ஆண்டுக்கு ஒருமுறையேனும் பணியாளர் தம் கோப்பைப் பார்த்துப் பிழை திருத்த வாய்ப்பளிக்கலாம். சட்டம் இதனைக் கட்டாயமாக்கவில்லை, தடுக்கவுமில்லை.

முடிவுரை

பணியாளரின் விவரங்களைப் பூட்டிவைப்பது மட்டும் தனியுரிமை ஆகாது. தேவையற்றதைக் கேளாமை, கேட்டதை நோக்கம் கடந்து பயன்படுத்தாமை, உரியவருக்கு அதனை மறைக்காமை ஆகிய மூன்றும் சேர்ந்ததே அது. முதலிரண்டையும் நீதிமன்றங்களும் தனிச்சட்டங்களும் ஓரளவு நிலைநாட்டியுள்ளன. மூன்றாவதை 2008ஆம் ஆண்டுத் தீர்ப்பு அரசு ஊழியரின் பணி மதிப்பீட்டுக்கு உறுதிசெய்தது. 2023ஆம் ஆண்டுச் சட்டம் அதனை எல்லாப் பணியாளருக்கும் விரிக்கும் வாய்ப்பைத் தவறவிட்டது. வேலைவாய்ப்பு நோக்கத்தில் கையாளப்படும் தரவுக்கும் அறியும் உரிமையையும் திருத்தும் உரிமையையும் நீட்டிப்பதே இச்சட்டத்தில் முதலில் செய்யத்தக்க திருத்தமாகும்.