பதிவேட்டில் இல்லாத குயவர்கள்

நம் முன்னோர் ரங்கூன் என்றழைத்த யங்கோன் மாநகரிலிருந்து ஆற்றைக் கடந்து, டலாக் கரையில் இறங்கித் தென்மேற்காகச் சென்றால் த்வாண்டே என்னும் சிறு நகரை அடையலாம். 1880களில் ஆங்கிலேயர் வெட்டிய கால்வாய் அந்நகரை ஒட்டி ஓடுகிறது. எனினும் த்வாண்டேக்குப் பெயர் தேடித் தந்தவை அதன் மட்பாண்டங்களே. 15ஆம், 16ஆம் நூற்றாண்டுகளில் பச்சை மெருகிட்ட கலங்களைச் சுட்ட சூளைகளின் எச்சங்கள் அப்பகுதியில் கண்டெடுக்கப்பட்டுள்ளன. வீடுகளின் நீர்ச்சாடிகளும், வழிப்போக்கரின் தாகம் தீர்க்கத் தெருவோரங்களில் வைக்கப்படும் பானைகளும் இங்கிருந்தே படகேறிச் சென்றன. நம்மூர்த் தண்ணீர்ப் பந்தலை ஒத்த அறம் அது.

1962 முதல் கால் நூற்றாண்டுக்கு மேலாகப் பர்மாவின் வணிகக் கதவுகள் அடைபட்டுக் கிடந்தன. 1988இல் ஆட்சியைப் பிடித்த இராணுவத்தினர் எல்லை வணிகத்தைத் திறந்துவிட்டனர். சீனாவிலிருந்தும் தாய்லாந்திலிருந்தும் மலிவான பிளாஸ்ரிக் வாளிகளும் அலுமினியப் பாத்திரங்களும் வந்து குவிந்தன. விழுந்தால் உடையாத, தூக்கினால் பாரமில்லாத வாளியை வாங்கிய இல்லத்தரசியைக் குறைகூற எவராலும் இயலாது. ஆனால் சூளைகள் ஒன்றன்பின் ஒன்றாக அணைந்தன. விறகின் விலையேற்றமும் சேர்ந்துகொண்டது. சக்கரத்தைக் கைவிட்டவர்கள் வேறு வேலை தேடிப் போயினர்.

இவ்வாறு தொழில் இழந்தோருக்கு அரசு என்ன செய்யக் கடமைப்பட்டுள்ளது? இக்கேள்விக்கு முதன்முதலில் சட்டவடிவில் விடையளிக்க முயன்ற நாடுகளில் ஒன்று அமெரிக்கா. 1962இல் கென்னடி காலத்து வணிக விரிவாக்கச் சட்டம், இறக்குமதியால் வேலையிழந்த தொழிலாளருக்கு உதவித்தொகையும் மறுபயிற்சியும் வழங்க ஏற்பாடு செய்தது. வணிகத்தால் நாடு முழுவதும் நன்மையடையும்போது, அதன் சுமையை ஒரு சிலர் மட்டும் தாங்கலாகாது என்பதே அதன் அடிப்படை. ஆயினும் வேலையிழப்புக்கு இறக்குமதியே காரணம் என்பதை நிறுவும் நிபந்தனைகள் மிகக் கடுமையாக இருந்தமையால், 1969 வரை ஒரு தொழிலாளர் குழுவேனும் தகுதி பெறவில்லை! 1974ஆம் ஆண்டுச் சட்டம் அந்நிபந்தனைகளைத் தளர்த்திய பின்னரே உதவி பரவலாயிற்று. அத்திட்டத்தின் சட்ட அதிகாரம் முடிவுற்றதால், 2022 யூலை 1 முதல் புதிய தொழிலாளர் குழுக்களுக்குத் தகுதிச் சான்று வழங்குவது நின்றுபோனது.

ஐரோப்பிய ஒன்றியமும் 2006இல் இதையொத்த நிதியமொன்றை உருவாக்கியது. தொடக்கத்தில் 1000 பேர் வேலையிழந்தால்தான் அதன் கதவு திறக்கும். 2021 முதல் பொதுவாக 200 பேர் போதுமென்றாகியது. இறக்குமதிதான் காரணம் என்று நிறுவவேண்டிய கட்டாயமும் நீங்கியது. எனினும் விண்ணப்பிக்க வேண்டியது உறுப்பு நாட்டின் அரசே. தனித் தொழிலாளியால் இயலாது.

இவ்வளவுகோலால் த்வாண்டேயை அளந்து பாருங்கள். குடும்பமாகக் கூடிச் சிறு பட்டறையில் மண் மிதித்தவர்களுக்கு நியமனக் கடிதம் ஏது? சம்பளத்துண்டு ஏது? பர்மாவின் 2012ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தில் வேலையின்மை உதவி பற்றிய விதிகள் எழுதப்பட்டன. ஆனால் அச்சட்டத்தின் காப்பு நடைமுறையில் பதிவுபெற்ற தொழிலகங்களின் ஊழியரையே சென்றடைந்தது. இருநூறு பேர் ஒரே நாளில் வேலை இழந்தால் அது செய்தியாகும். இருநூறு சக்கரங்கள் இருபது ஆண்டுகளில் ஒவ்வொன்றாக நின்றுபோனால் அதற்குப் பெயரே இல்லை.

இது பர்மாவுக்கு மட்டும் உரிய கதையன்று. 1977இல் ஜே. ஆர். ஜயவர்த்தன அரசு இலங்கையின் இறக்குமதிக் கட்டுப்பாடுகளைத் தளர்த்தியபோது, நம் தாயகத்துக் கைத்தறியாளர்கள் வெளிநாட்டுத் துணிகளின் முன் நிற்கமுடியாமல் தவித்தனர். வீட்டுத் திண்ணையில் தறி ஓட்டிய பெண் வேலையிழந்தாள் என்று எந்த அலுவலகமும் குறித்துக்கொள்ளவில்லை.

இதற்கு நேர்மாறான காட்சி ஒன்றும் உண்டு. 1960களில் பர்மாவில் கடைகள் அரசுடைமையாக்கப்பட்டபின் தமிழகம் திரும்பிய நம்மவருக்கு 'பர்மா அகதி' என்ற பதிவு கிடைத்தது. அப்பதிவினால் கடனும் குடியிருப்பும் கிடைத்தன. அவர்களுக்கும் இலங்கையிலிருந்து திரும்பியோருக்குமாக 1969இல் ரெப்கோ வங்கி நிறுவப்பட்டது. அவர்கள் இழந்தவை திரும்பவில்லை என்பது உண்மை. ஆனால் இழந்தார்கள் என்பதை ஓர் அரசு ஏட்டில் எழுதிக்கொண்டது.

புலம்பெயர்ந்த நாடுகளில் தொழிற்சாலைகளிலும் பொதிகட்டும் கூடங்களிலும் உழைக்கும் நம்மவர் இவ்வேறுபாட்டைக் கருத்திற் கொள்ளவேண்டும். உற்பத்தி மலிவுக்கூலி நாடொன்றுக்கு மாற்றப்பட்டு ஆலை மூடப்படும் நாளில், பதிவின்றிக் கைக்காசுக்கு உழைத்தவருக்குத் தம் உழைப்பை நிறுவுவதே பெரும்பாடாகிவிடும். அகதி விண்ணப்பத்தின் பிரதியைப் பத்திரப்படுத்தும் அதே பெட்டியில் வேலை ஒப்பந்தத்தையும் சம்பளத்துண்டுகளையும் பணிநீக்கக் கடிதத்தையும் வையுங்கள். மொழி புரியாத தாளில் ஒப்பமிடுமுன் தொழிற்சங்கத்தையோ மொழியறிந்த ஒருவரையோ நாடுங்கள். உதவி கோருவதற்குக் காலவரம்பு உண்டா என்பதை வேலை போன வாரத்திலேயே கேட்டறியுங்கள்.

த்வாண்டேயின் குயவர்களுக்குக் கேட்டறிய ஓர் அலுவலகமே இருக்கவில்லை. நமக்கு இருக்கிறது. அதன் படியேறத் தயங்கலாகாது.