காட்டுக்கு அவதாரம் இல்லை

“முதல்ல மரத்தை அடிக்கணும் மாமா. மரம் இல்லேன்னா ஒண்ணும் ஆரம்பிக்காது” என்றான் அக்கா மகன். ஒன்பது வயசு. மைன்கிராஃப்ட் விளையாட்டை எப்படி ஆடுவது என்று கேட்டதற்கு அவன் தந்த முதல் பாடம் இது. வெறுங்கையால் மரத்தைக் குத்தினால் கட்டை விழும். கட்டையிலிருந்து பலகை, பலகையிலிருந்து கோடரி, கோடரியால் இன்னும் மரம். பெயரிலேயே சுரங்கம் இருக்கிறது. ஒரு பிரதி சொல்லும் கருத்தைவிட அதன் இலக்கணம்தான் அதிகம் பேசுகிறது என்று நாம் எழுதிவருகிறோம் அல்லவா, அதற்கு இதைவிடத் துலக்கமான உதாரணம் எனக்குக் கிடைத்ததில்லை.

இதை இப்போது எழுதக் காரணம் எங்கள் ஊர் ஏரி. ஆக்கிரமிப்பை எதிர்த்து நாங்கள் பத்துப் பன்னிரண்டு பேர் கொஞ்சம் பணம் சேர்த்திருக்கிறோம். அதை எதற்குச் செலவழிப்பது என்ற பேச்சில் இளைய நண்பர் ஒருவர், “இனிமே போராட்டமெல்லாம் மெய்நிகர் உலகத்துலதான் தோழர். ஏரியைக் கம்ப்யூட்டருக்குள்ள கட்டிட்டா லட்சம் பேர் வருவாங்க” என்றார். இன்னொருவர் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வளைகுடாப் போர் நடக்கவேயில்லை என்று 1991-இல் எழுதிய போத்ரியாரைத் துணைக்கழைத்து, எல்லாம் நகல்தான் என்று கைகழுவுவது சுலபம். எங்கே, யாரிடம், எது பலித்தது என்று பார்ப்பதுதான் கஷ்டம்.

பலித்த கதை ஒன்று உண்டு. ‘செகண்ட் லைஃப்’ என்ற மெய்நிகர் உலகில் 2007 செப்டம்பர் 27 அன்று இத்தாலிய ஐ.பி.எம். தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஊக்கத்தொகை வெட்டப்பட்டதுதான் பிரச்சினை. 30 நாடுகளிலிருந்து சுமார் 1,850 பேர் அவதார் உருவங்களாக வந்து நிறுவனத்தின் மெய்நிகர் வளாகத்தில் பதாகை பிடித்து நின்றார்கள். சில வாரங்களில் இத்தாலியக் கிளையின் தலைவர் பதவி விலகினார், ஒப்பந்தமும் கையெழுத்தானது. காரணம் மர்மமானதல்ல. அந்த உலகில் ஐ.பி.எம். பணம் போட்டுக் கட்டடம் எழுப்பியிருந்தது. அங்கே அதற்கு முகம் இருந்தது, முகத்தில் கரி பூசவும் முடிந்தது. வெளியே நிஜமான தொழிற்சங்கமும் இருந்தது.

சுற்றுச்சூழல் என்று வரும்போது இந்தக் கணக்கு இடறுகிறது. காட்டை வெட்டுகிறவனுக்கு அந்த உலகில் இழக்க ஒன்றுமில்லை. காடோ அங்கே இல்லவே இல்லை. அவதாரம் என்ற சொல் இங்கிருந்து போனதுதான். இறங்கி வருதல் என்று பொருள். கடவுள் உடலெடுத்து மண்ணுக்கு வருவது. கம்ப்யூட்டர்க்காரர்கள் அதைத் தலைகீழாக்கிவிட்டார்கள்: உடலை நாற்காலியில் விட்டுவிட்டு மண்ணைவிட்டுப் போவது. 1974-இல் இமயமலையின் ரேணி கிராமத்தில் கௌரா தேவியும் மற்றப் பெண்களும் மரங்களை மறித்து நின்றபோது ஒப்பந்தக்காரரின் ஆட்களைத் தடுத்தது, வெட்டுப்படக்கூடிய உடல்.

போலந்து–பெலாரஸ் எல்லையில் இருக்கும் பியாவோவியெஷா, ஐரோப்பியத் தாழ்நிலத்தில் எஞ்சியிருக்கும் ஆதிக்காடுகளில் ஒன்று; காட்டெருதுகள் உலவும் இடம்; 1979 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருப்பது. மரப்பட்டை வண்டு பரவுகிறது என்று காரணம் சொல்லி 2016-இல் போலந்தின் சுற்றுச்சூழல் அமைச்சர் யான் ஷிஷ்கோ அங்கே வெட்டும் அளவை ஏறத்தாழ மூன்று மடங்காக்கினார். 2017-இல் ராட்சத வெட்டு இயந்திரங்கள் நுழைந்தன. இளைஞர்கள் முகாமிட்டு, இயந்திரங்களோடு தங்களைச் சங்கிலியால் பிணைத்துக்கொண்டார்கள். ஐரோப்பிய நீதிமன்றம் ஜூலையில் தடை விதித்தது, வெட்டு நிற்கவில்லை. நவம்பரில், மீறினால் நாளொன்றுக்கு குறைந்தது 1,00,000 யூரோ என்று எச்சரித்த பிறகுதான் இயந்திரங்கள் வெளியேறின. 2018 ஜனவரியில் அமைச்சர் பதவி இழந்தார். ஏப்ரல் 17 அன்று இறுதித் தீர்ப்பு, போலந்து சட்டத்தை மீறியது என்று.

இந்தப் போராட்டத்தையொட்டி கிரீன்பீஸின் போலந்துக் கிளை ஒரு விளம்பர நிறுவனத்தோடு சேர்ந்து அந்தக் காட்டை மைன்கிராஃப்டுக்குள் அப்படியே, ஒன்றுக்கு ஒன்று என்ற அளவில், கட்டியது. பிள்ளைகள் உள்ளே போய்ச் சுற்றினார்கள். பிறகு ஒருநாள் திடீரென்று எல்லா மரமும் போய், ஒரே ஒரு மரம் மட்டும் நின்றது.

விளம்பர உலகம் இதற்கு விருது கொடுத்துக் கொண்டாடியது. காட்டைக் காப்பாற்றியது இதுதான் என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். மேலே உள்ள தேதிகளைப் பாருங்கள். காப்பாற்றியது சங்கிலியும் அபராதமும். ஆனால் அது செய்த காரியம் வேறு. மரம் அடிப்பதையே முதல் வாக்கியமாகப் படித்த ஒரு தலைமுறைக்கு, அந்த மொழியிலேயே வெற்றிடத்தைக் காட்டியது. அதன் எதிராளி அமைச்சர் அல்ல, ஆடுகிறவன். அந்த வகையில் அது போராட்டமல்ல, எழுத்து. நம் கவிதை எந்த அணுஉலையை நிறுத்தியது? ஆனாலும் எழுதுகிறோம். அதற்கான நியாயம் எதுவோ, அதேதான் இதற்கும்.

மெய்நிகர் மரத்தை நிஜ மரமாக்கும் ஏற்பாடும் இருக்கிறது. சீனாவில் அலிபே 2016-இல் தொடங்கிய ‘எறும்புக் காடு’. பேருந்தில் போனால், ரசீதைக் காகிதம் இல்லாமல் வாங்கினால் புள்ளி. புள்ளி சேர்ந்தால் பாலையில் ஒரு செடி. 2019-இல் ஐ.நா. விருது தந்தபோது 12 கோடியே 20 லட்சம் மரங்கள் என்று கணக்குச் சொன்னார்கள். மரம் நல்லதுதான். ஆனால் அந்தக் கதையாடலில் காட்டை அழித்தவன் யார் என்ற கேள்விக்கே இடமில்லை. இருப்பவன் நுகர்வோன் மட்டும், அதுவும் அலிபேயில் காசு கட்டுகிற நுகர்வோன். கரண்டு விஷயம் தனி. செகண்ட் லைஃபின் ஓர் அவதாருக்கு வருஷம் 1,752 யூனிட் செலவாகிறது, ஏறக்குறைய ஒரு பிரேசில்காரருக்கு ஆவது போல, என்று 2006-இல் நிக்கோலஸ் கார் கணக்குப் போட்டுக் காட்டினார். தோராயக் கணக்குதான், இருந்தாலும் உறுத்துகிறது.

நண்பரிடம் திரும்பப் பேசினேன். போலந்துக் காட்டை அப்படிக் கட்ட முடிந்தது நிஜமான நில அளவைத் தரவு கையில் இருந்ததால்தான். நம் ஏரியை ஒன்றுக்கு ஒன்று கட்டவேண்டுமென்றால் கரை எங்கே, மதகு எங்கே, எந்தச் சர்வே எண்ணில் யார் சுவர் என்று தெரிந்தாகவேண்டும். வழக்குக்கும் அதுவேதான் தேவை. “அப்ப ரெண்டும் ஒரே வேலைதானே தோழர்” என்றார். முதல் பாதி ஒரே வேலைதான். பணத்தை அதற்கே ஒதுக்கியாயிற்று. புலப்பட நகல் கேட்டுத் தாலுகா ஆபீசில் மனு கொடுத்திருக்கிறோம். வந்ததும் ஒரு பிரதி வக்கீலுக்கு, ஒரு பிரதி அக்கா மகனுக்கு.