நோயாளியின் சொல்லும் மருத்துவரின் செவியும்: பேராக் தோட்டப்புறத் தமிழரை முன்வைத்து

முன்னுரை

நோயறியும் பணி நோயாளியின் சொற்களிலிருந்தே தொடங்குகின்றது. திருக்குறளின் 95ஆம் அதிகாரமாகிய ‘மருந்து’, தன் இறுதிக் குறளில் மருத்துவத்தை நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து உதவுபவர் என நான்காகப் பகுக்கின்றது. இந்நான்கையும் இணைப்பது மொழி. பேராக் மாநிலத் தோட்டப்புறத் தமிழரிடையே அவ்விணைப்பு எங்குத் தளர்ந்தது, அதனைச் சீர்செய்யத் தமிழாசிரியர் ஆற்றக்கூடியது யாது என்பவற்றை இக்கட்டுரை விளக்குகின்றது.

தோட்டத்திலிருந்து நகருக்கு

ரப்பர்த் தோட்டத் தொழிலாளர் முதலில் நாடியவர், மக்கள் ‘டிரெசர்’ என அழைத்த தோட்ட மருத்துவ உதவியாளர். இவர்களைப் பதிவு செய்வதற்கென 1965ஆம் ஆண்டில் தனிச் சட்டமும் இயற்றப்பட்டது. அவரது மருத்துவ அறிவு வரம்புக்குட்பட்டதே. எனினும் தொழிலாளரின் பேச்சையும் குடும்ப நிலையையும் அவர் அறிந்திருந்தார். ரப்பர் செம்பனைக்கு இடந்தந்து, குடும்பங்கள் ஈப்போ, சுங்கை சிப்புட் முதலிய நகர்களுக்குப் பெயர்ந்தபின், அரசு சுகாதார நிலையங்களும் ஈப்போ ராஜா பெர்மாய்சூரி பைனுன் மருத்துவமனையும் அவர்களுக்குப் புகலிடமாயின. மருத்துவ வசதி பெருகியது. உரையாடலோ பெரும்பாலும் மலாய்க்கும் ஆங்கிலத்திற்கும் மாறியது.

சொற்பொருள் மயக்கம்

‘மயக்கம்’ என்னும் சொல் தலைசுற்றலையும் குறிக்கும், நினைவிழப்பையும் குறிக்கும். மலாயில் முன்னது ‘பெனிங்’, பின்னது ‘பெங்சான்’. உடன்வந்த பேரப்பிள்ளை எதனைத் தேர்ந்து சொல்கிறாரோ, அதனையொட்டியே மருத்துவரின் ஆய்வும் அமையும். ‘இழுப்பு’ மூச்சிரைப்பாகவும் இருக்கலாம்; வலிப்பாகவும் இருக்கலாம். நெஞ்சிறுக்கத்தை ‘வாயுப் பிடிப்பு’ என்றுரைப்பின், மாரடைப்பின் அறிகுறியும் செரிமானக் கோளாறாகக் கருதப்பட இடமுண்டு. முதியவரின் சொல் பிழையன்று. எப்போது தொடங்கியது, கைக்கோ தாடைக்கோ பரவுகின்றதா, வியர்க்கின்றதா என்னும் வினாக்கள் எழாமையே பிழை.

மருத்துவர் தரப்புச் சொல்லிலும் இவ்விடர் உண்டு. 2019ஆம் ஆண்டுத் தேசிய நலவாழ்வு ஆய்வு, மலேசிய இந்தியருள் வயது வந்தோரில் ஏறத்தாழ 31 விழுக்காட்டினருக்கு நீரிழிவு உள்ளதெனக் காட்டியது. நம் மக்கள் வழங்கும் ‘இனிப்பு நீர்’ என்னும் பெயர், சீனியைத் தவிர்த்தாலே போதும் என எண்ண இடந்தருகின்றது. “இனிப்பைக் குறையுங்கள்” என்னும் அறிவுரையோடு, சோறும் தோசையும் குருதிச் சர்க்கரையை உயர்த்தும் என்பதையும் கூறினாலன்றி அவ்வெண்ணம் மாறாது. மருந்துறையில் ‘செபெலும் மாக்கான்’ என்பது உணவுக்கு முன் என்பதையும், ‘செலெபாஸ் மாக்கான்’ என்பது உணவுக்குப் பின் என்பதையும் படிக்க இயலாதவருக்கு வாய்மொழியாகவே விளக்குதல் வேண்டும்.

புரிதலைச் சட்டமும் வலியுறுத்துகின்றது. ஃபூ ஃபியோ நா வழக்கில் 2006ஆம் ஆண்டு டிசம்பரில் தீர்ப்பளித்த கூட்டரசு நீதிமன்றம், சிகிச்சையின் இடர்களை எடுத்துரைக்கும் கடமையை மருத்துவ வழக்கத்தைக் கொண்டு மட்டும் அளவிடலாகாது என்னும் நிலைப்பாட்டை ஏற்றது.

முடிவுரை

“புரிந்ததா?” என வினவின், மரியாதை கருதி நம் முதியோர் தலையசைப்பர். “இம்மருந்தை எப்படிச் சாப்பிடுவீர்கள், சொல்லுங்கள்” எனக் கேட்டு, அவர்தம் சொல்லாலேயே விடை பெறுதல் நன்று. தமிழாசிரியர்க்கும் இதில் பணியுண்டு. தோட்டப்புற நோய்ச்சொற்களைத் திரட்டி மலாய் விளக்கத்துடன் தொகுத்தலும், தாத்தா பாட்டியின் நோய்க்குறியைத் திரிபின்றி எடுத்துரைக்க மாணவரைப் பயிற்றுதலும் வகுப்பறையிலேயே இயல்வன. ஒரு சொல்லின் பொருளை வரையறுக்கக் கற்பிக்கும் மொழிப்பாடம், ஓர் உயிரைக் காக்கவும் உதவும்.