பழைய பிக்கப் வண்டியின் முன்புறத்தைக் குறைந்த செலவில் உயர்த்துதல்

பெரும்போக மழை தொடங்கியதும் வயலுக்குச் செல்லும் மண் வீதிகளில் சில்லுத் தடங்கள் ஆழமாகின்றன. தடங்களுக்கு நடுவே எஞ்சி நிற்கும் மண் திட்டில் பழைய பிக்கப் வண்டிகளின் அடிப்பாகம் உராய்வதைக் கமக்காரர் பலர் கண்டிருப்பர். நெல் மூடைகளையும் மரக்கறிகளையும் சந்தைக்குக் கொண்டு செல்ல வேறு வண்டி இல்லாத குடும்பத்துக்கு இது பெருந் தொல்லையாகும். புதிய உறுப்பு எதுவும் வாங்காமலே சில வண்டிகளின் முன்புறத்தை ஓரளவு உயர்த்தலாம். ஆயினும், அந்த அளவைக் கடந்தால் சுக்கானும் பிறேக்கும் கெட்டு உயிருக்கே ஆபத்து நேரிடலாம்.

எந்த வண்டிக்கு ஏற்றது?

1988 முதல் 1997 வரை வெளிவந்த டொயோட்டா ஹைலக்ஸ் வண்டிகளில் பலவற்றிலும், நிசான் டி21 வண்டிகளிலும் முன் சில்லுகளைத் தாங்குவது முறுக்குக் கோலாகும். கராஜ்களில் இதனை ரோஷன் பார் என்பர். வண்டியின் நீளவாக்கில், பக்கத்துக்கு ஒன்றாக இவ்விரும்புக் கோல்கள் அமைந்திருக்கும். நனைந்த துணியின் ஒரு முனையை இறுகப் பிடித்து மறு முனையை முறுக்கினால், துணி திரும்பி விரிய முயலும். அவ்வாறே வண்டியின் பாரத்தால் முறுக்குண்ட கோல், எதிர்த்து நின்று பாரத்தைத் தாங்குகிறது. கோலின் பின் முனையிலுள்ள போல்ட்டை இறுக்கினால் வண்டியின் முன்புறம் உயரும்.

முன்புறத்தில் சுருள் வில்லோ தட்டு வில்லோ உள்ள வண்டிகளுக்கு இம்முறை பொருந்தாது. மேலும், மண்ணில் உராய்வது பின் அச்சின் நடுவிலுள்ள உருண்டைப் பாகமாயின், முன்புறத்தை உயர்த்துவதாற் பயனில்லை. அப்பாகத்தை உயர்த்துவது பெரிய ரயர் ஒன்றே. அதுவும் சிறிதளவே உயர்த்தும். 185ஆர்14 ரயருக்குப் பதிலாக 195ஆர்14 ரயர் பூட்டினால் விட்டம் ஏறத்தாழ 16 மி.மீ. கூடும், அச்சோ 8 மி.மீ. மட்டுமே உயரும்.

எவ்வளவு உயர்த்தலாம்?

சில்லு மேலும் கீழும் அசையக்கூடிய தூரம் மாறாதது. உதாரணமாக, அத்தூரம் 150 மி.மீ. என்றும், வண்டி நிற்கையில் மேலே 75, கீழே 75 மி.மீ. உண்டென்றும் கொள்க. முன்புறத்தை 40 மி.மீ. உயர்த்தினால் மேலே 115 மி.மீ. ஆகும், கீழே 35 மி.மீ. மட்டுமே எஞ்சும். அப்போது சிறு பள்ளத்திலும் சில்லின் கை றப்பர் முட்டில் அடிக்கும். சில்லு நிலத்தை விட்டுக் கிளம்பும். நிலத்தைத் தொடாத சில்லு சுக்கானுக்கும் பிறேக்குக்கும் பணியாது. கைகளின் சாய்வு கூடுவதால் போல் ஜொயின்றுகளும் விரைவில் தேயும்.

பழைய வண்டியில் நாட்பட்டுத் தாழ்ந்த அளவை மீட்பதே இவ்வேலையின் நோக்கமாக இருத்தல் வேண்டும். அதற்கு மேல் 25 மி.மீ., அதாவது ஓர் அங்குலம் வரை உயர்த்துவதுடன் நிறுத்திக் கொள்வது நன்று.

வேலைக்கு முன்

போல் ஜொயின்ற், சுக்கான் கம்பிகளின் முனைகள், கைகளின் புஷ் ஆகியவற்றைச் சோதித்தல் வேண்டும். அவை தேய்ந்திருந்தால் முதலில் மாற்றுக. போல்ட்டுக்களைக் கம்பித் தூரிகையாற் சுத்தஞ் செய்து, துருவை இளக்கும் எண்ணெய் இட்டு ஓர் இரவு விடுக.

செய்யும் முறை

1. பாரம் இறக்கிய வண்டியைச் சமதரையில் நிறுத்தி, ரயர்களின் காற்றைச் சரிசெய்க. முன் சில்லின் நடுவிலிருந்து மட்காட்டின் விளிம்பு வரையுள்ள உயரத்தை இரு பக்கமும் அளந்து குறித்து வைக்குக.

2. பின் சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கட்டை இடுக. முன்புறத்தைச் செசியில் ஜக் வைத்து உயர்த்தி, உறுதியான இரும்புத் தாங்குகால்களின் மேல் இருத்துக. ஜக்கை மட்டும் நம்பி வண்டியின் கீழ் நுழையலாகாது. கல்லும் செங்கல்லும் தாங்குகால் ஆகா.

3. இரு போல்ட்டுக்களும் வெளியே நீட்டியுள்ள நீளத்தை அளந்து குறிக்குக. முன்னிருந்த நிலைக்கு மீள இது உதவும்.

4. பூட்டு நட்டு இருப்பின் அதைத் தளர்த்தி, இரு போல்ட்டுக்களையும் இரண்டிரண்டு சுற்றாக இறுக்குக. கோலில் முறுக்கு விசை அடங்கியிருப்பதால் போல்ட்டை முற்றாகக் கழற்றலாகாது. அது தெறித்துக் காயப்படுத்தும்.

5. வண்டியை இறக்கி, சில யார் தூரம் முன்னும் பின்னும் ஓட்டி, முன்புறத்தைப் பலமுறை அழுத்தி விடுக. அதன் பின்னரே உயரத்தை அளத்தல் வேண்டும்; இறக்கியவுடன் அளந்தால் அளவு பிழைக்கும்.

6. வேண்டிய உயரம் வரும் வரை இவ்வாறே செய்க. இரு பக்க உயரமும் 5 மி.மீ.க்கு மேல் வேறுபடலாகாது. முடிவில் பூட்டு நட்டை நன்கு இறுக்குக.

வேலைக்குப் பின்

உயரம் மாறியதும் முன் சில்லுகளின் சாய்வும் நேரும் மாறும். ஆதலால் வீல் அலைன்மென்ற் செய்வித்தல் இன்றியமையாதது. அச்செலவை மிச்சம் பிடிப்பவர் சில மாதங்களில் ரயர்களை இழப்பர். சில்லுகள் தொங்கும்போதும் சுக்கானை முற்றாகத் திருப்பும்போதும் பிறேக் குழாய் இழுபடாதிருக்கிறதா எனப் பார்க்க வேண்டும். முன் விளக்குகளின் ஒளியையும் தாழ்த்தி அமைக்க வேண்டும்.

மூடைகள் ஏற்றும்போது பின்புறம் தாழ, முன்புறம் மேலும் எழும். அளவுக்கு மிஞ்சிய பாரத்துக்கு முன்புறத்தை உயர்த்துவது பரிகாரமன்று; பாரத்தைக் குறைப்பதே பரிகாரம்.

புதிய உறுப்புக்களைப் பூட்டி வண்டியின் அமைப்பை மாற்ற விரும்புவோர், முன்கூட்டியே மோட்டர் போக்குவரத்துத் திணைக்களத்தில் விசாரித்தல் வேண்டும். சேற்று வீதியைக் கடப்பது எவ்வளவு அவசியமோ, அதே வண்டி தார் வீதியில் பிறேக் போட்டதும் நேராக நிற்பதும் அவ்வளவு அவசியம் என்பதைக் கமக்காரர் நினைவிற் கொள்வாராக.